அப்பாவின் கை எதைத் தேடுகிறது?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு மகள் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 43. அப்பாவுக்கு 76, ஐம்பது ஆண்டுகள் தையல் தொழில் செய்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அல்சைமர் நோய் என்று மருத்துவர் சொன்னார். இப்போது நோய் நடுக்கட்டத்தில் இருக்கிறது. தானாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். பேத்தியின் பெயர் மட்டும் வருவதில்லை, காலையா மாலையா என்பதும் பிடிபடுவதில்லை.

மகள் தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அவருக்கு ‘மூளைப் பயிற்சி’ கொடுக்கிறார். குடும்பப் படங்களைக் காட்டி “இது யாரு, சொல்லுங்கப்பா” என்று கேட்பது, கைபேசியில் நினைவாற்றல் விளையாட்டு, குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகம். போன மாதம் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, “என்னைச் சின்னப் புள்ளைன்னு நினைச்சியா?” என்று அழுதிருக்கிறார். படுக்கை விரிப்பு, சட்டை விளிம்பு என்று எது கையில் கிடைத்தாலும் நூலை உருவுகிறார். பேத்தியின் புதுச் சட்டையில் கீழ்மடிப்பு முழுவதையும் பிரித்துவிட்டார். அம்மா அதட்டுகிறார். மாலை ஐந்து மணியானால் வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறார்: “கடையைத் திறக்கணும், ஆளுங்க வந்து நிப்பாங்க.” கடையை மூடி எட்டு வருடம் ஆகிறது என்று சொன்னால், அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் உடைந்துபோகிறார்.

தூரத்தில் இருக்கும் அண்ணன், இசை சிகிச்சைக்கோ ஓவிய சிகிச்சைக்கோ அனுப்பினால் நினைவு திரும்பும் என்கிறார். உறவினர் ஒருவர், ஆளை அடக்கி வைக்க மாத்திரை கேட்டு வாங்கு என்கிறார். மகள் கேட்பது இவை: இந்தச் சிகிச்சைகளால் நினைவு திரும்புமா? பத்து நிமிடத்தில் மறந்துபோகிறவருக்கு இவற்றால் என்ன பயன்? பின் அறையில் உறை போட்டு மூடியிருக்கும் பழைய தையல் இயந்திரத்தை விற்றுவிடலாமா?

அன்புச் சகோதரி,

கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “நூலை உருவும்போது மட்டும்தான் அப்பா முகம் அமைதியாக இருக்கிறது.” அன்றாட வேலைகளையே சிகிச்சையாகப் பயன்படுத்தும் செயல்வழிச் சிகிச்சையாளராக, அல்சைமர் போன்ற மறதிநோய் உள்ளவர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவள் நான். அந்த வரியில் வந்து நின்றுவிட்டேன். நீங்கள் கேட்டதில் பாதிக்கு விடை அங்கேயே இருக்கிறது. முதலில் நேரான கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

நினைவு திரும்பாது. இசை, ஓவியம், களிமண், நடனம் எதுவானாலும் அல்சைமர் நோயில் அழிந்த நரம்பணுக்களை மீட்டுத் தராது. நோயின் போக்கை நிறுத்தாது. இதை எழுதும்போது என் மனமும் கனக்கிறது. ஆனால் இது தெளிவாகத் தெரிந்தால்தான் அப்பாவிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெரியும். அண்ணனிடமும் சொல்லுங்கள். நினைவைத் திரும்பக் கொண்டுவருவதாக யாராவது உறுதி கொடுத்துப் பணம் கேட்டால், அந்தப் படியை மிதிக்க வேண்டாம்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இசை பற்றிய ஆய்வுகளை அலசிய மதிப்பாய்வு ஒன்று 2018-இல் வந்தது. குறைந்தது ஐந்து அமர்வுகள் நடந்தால் மனச்சோர்வு அறிகுறிகள் ஓரளவு குறையக்கூடும், நினைவிலும் சிந்தனைத் திறனிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்றது அது. ஓவிய சிகிச்சைக்கு அதே ஆண்டில் வந்த மதிப்பாய்வில், முடிவு சொல்லும் அளவுக்கு நல்ல ஆய்வுகளே கிடைக்கவில்லை. அதனால் ஓவியம் வீண் என்று ஆகிவிடாது. மருந்தைப்போல் நினைத்து அதை வாங்க முடியாது, அவ்வளவுதான். மனச்சோர்வு குறைவதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் அப்பா இப்போது இழந்துகொண்டிருப்பது நினைவை மட்டுமா?

இனி உங்கள் இரண்டு மணி நேரப் பயிற்சி. அன்பினால்தான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் படங்களை அடுக்கிவைத்துக்கொண்டு “இது யார், அது யார்” என்று கேட்டவள்தான். ஆனால் அவர் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நாளில் இருபது முறை கேள்வி வருகிறது, இருபது முறையும் தோற்கிறார், அதுவும் பெற்ற மகளின் முன்னால். நினைவாற்றலைத் திரும்பத் திரும்பப் பழக்கும் பயிற்சியை, லேசான, நடுத்தர அல்சைமர் நோய்க்குச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று, மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதல் பரிந்துரைப்பது வேறொன்று: அறிவுத் தூண்டல் சிகிச்சை. ஸ்பெக்டர், ஓரெல், வுட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் உருவாக்கி 2003-இல் ஆய்வாக வெளியிட்டது. சிறு குழுவாக உட்கார்ந்து, வாரம் இரண்டு முறை, 45 நிமிடம் வீதம், ஏழு வாரத்தில் 14 அமர்வுகள். லேசான, நடுத்தரக் கட்டங்களில் இருப்பவர்களுக்குச் சிந்தனைத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் சிறிதளவு பயன் தெரிந்தது. அதன் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: தகவலைக் கேட்காதீர்கள், அபிப்பிராயத்தைக் கேளுங்கள்.

வீட்டில் இன்றைக்கே இதைச் செய்யலாம். “இந்தப் படத்துல இருக்கிறது யாரு?” என்று கேட்டால் அதற்குச் சரி, தப்பு உண்டு. “இந்தச் சட்டை இவருக்குப் பொருத்தமா இருக்காப்பா?” என்று கேட்டால் தப்பான பதிலே கிடையாது. ஐம்பது வருடம் துணி வெட்டியவருக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும். தோள் இறங்கியிருக்கிறது என்பார், காலர் சரியில்லை என்பார். படத்தில் இருப்பவர் தன் தம்பி என்பது அப்போது நினைவுக்கு வந்தால் வரட்டும்.

பத்து நிமிடத்தில் மறந்தால் என்ன பயன்?

மறந்துபோவது நிகழ்ச்சி. அது கொடுத்த உணர்ச்சி அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோய் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டிச் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. சற்று நேரத்தில் படத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது. ஆனால் அது எழுப்பிய துக்கமும் மகிழ்ச்சியும் அரை மணி நேரம் வரைகூடத் தங்கியிருந்தன. குறைவாக நினைவிருந்தவர்களிடம் துக்கம் இன்னும் நீண்டு நின்றது.

இதை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். காலைப் பயிற்சியில் தோற்றது அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் காரணம் தெரியாத ஒரு கனம் அவரோடு நடமாடிக்கொண்டிருக்கும். அதேபோல், கால் மணி நேரம் உங்களோடு துணி மடித்ததும் மறந்துபோகும். அது தந்த நிம்மதி அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கூடவே இருக்கும். நடுக்கட்ட மறதிநோயில் நல்ல நாள் என்பது இப்படிப்பட்ட கால் மணி நேரங்கள் சில சேர்ந்ததுதான்.

நூலை உருவும் கை

அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று, புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி. காலையில் நடந்தது போய்விடுவது அதனால்தான். கை பழகிய வேலை வேறு இடத்தில் இருக்கிறது. சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் உள்ள சில நரம்பணுத் திரள்களும் அதைச் சுமக்கின்றன. அவை பொதுவாக வெகுகாலம் தாங்கும். பேத்தியின் பெயரைச் சொல்ல முடியாதவர், சட்டையின் கீழ்மடிப்பைத் துணி கிழியாமல் பிரித்திருக்கிறார். அந்தச் சட்டையை எடுத்துப் பாருங்கள், ஓரிடத்திலாவது துணி சேதமாகியிருக்கிறதா என்று. அவர் கெடுக்கவில்லை, வேலை செய்திருக்கிறார். கைக்கு வேலை கொடுக்க யாரும் இல்லாததால் கிடைத்ததைப் பிரித்தார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். “எதிலும் ஆர்வம் இல்லை, நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்வமின்மை இந்த நோயின் மிகப் பரவலான அறிகுறிகளில் ஒன்று. ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் திறனும் நோயில் அடிபடுகிறது. அதனால் விருப்பம் உள்ளே இருந்தாலும் முதல் அடியை எடுத்துவைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர் பலர். “ஏதாவது செய்யலாமாப்பா?” என்று கேட்டால் “வேணாம்” என்றுதான் வரும். கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தொடங்குங்கள். துணியின் ஒரு முனையை அவர் கையில் கொடுங்கள். சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்துகாட்டுவது எளிது; ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும்.

ஓவியர் வில்லியம் அட்டர்மோலனுக்கு 1995-இல் அல்சைமர் நோய் என்று தெரிந்தது. அதன் பிறகும் சில ஆண்டுகள் அவர் தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படங்கள் உலகம் முழுவதும் பேசப்பட்டன. அவருக்குத் தூரிகை வாழ்நாள் துணை, அதனால் நோயிலும் கைக்கு வந்தது. உங்கள் அப்பாவுக்குத் துணிதான் அது. வண்ணப் புத்தகத்தை எறிந்தது கலையை வெறுத்ததால் இல்லை. அவர் யார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததால்.

அதனால் ஒரு பெட்டி தயார் செய்யுங்கள். பெரிய பொத்தான்கள், நிறம் பிரித்து வைக்க நாலைந்து கிண்ணங்கள். பருத்தி, பட்டு, கம்பளி, வெல்வெட் என்று தொட்டால் வேறுபாடு தெரியும் துண்டுத் துணிகள். சுற்றி வைக்க அளவு நாடா, தையற்காரர் கோடு போடும் சாக்குக் கட்டி, மடிக்கத் துண்டுகள். முக்கியமாக, பழைய துணிகளில் தடித்த நூலால் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டு வையுங்கள். “அப்பா, இதைப் பிரிச்சுத் தரணும், உங்களை மாதிரி எனக்கு வராது” என்று கொடுங்கள். அது பொய்யும் இல்லை. பிரித்து முடித்ததும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் மறுபடி தைத்து வைப்பது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. பேத்தியின் சட்டைகளை அவர் கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். ஊசி, குண்டூசி, கத்தரிக்கோல் பெட்டியில் வேண்டாம். ஆசைப்பட்டுக் கேட்டால் முனை மழுங்கிய கத்தரியை, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுக்கலாம். எதையாவது வாயில் போடும் பழக்கம் தொடங்கிய அன்றே பொத்தான்களை எடுத்துவிடுங்கள். மேசை மேல் ஒரே நிறத்தில், பூப்போடாத விரிப்பு இருந்தால் பொருள்கள் தெளிவாகத் தெரியும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். ஈடுபாடு இல்லை என்று குடும்பத்தார் கவலைப்பட்ட எத்தனையோ பேருக்குக் கண்புரைதான் காரணமாக இருந்தது.

நிறம் தப்பாகப் பிரித்தால் திருத்த வேண்டாம். இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் முயற்சியைக் கைவிடாதவர். சிவப்புப் பொத்தான் நீலக் கிண்ணத்தில் விழுந்தால் எதுவும் குடிமுழுகிப் போகாது. அவர் முகத்தைப் பாருங்கள், கிண்ணத்தைப் பார்க்காதீர்கள். சலிப்பு தெரிந்தால் அவர் களைக்கும் முன்பே நிறுத்துங்கள். பதினைந்து, இருபது நிமிடம் ஏராளம்.

பாட்டைப் பற்றி ஒன்று. இயந்திரத்தை மிதிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பதின்பருவத்திலிருந்து முப்பது வயதுவரை கேட்ட பாடல்கள்தான் பொதுவாக ஆழமாகப் பதிந்திருக்கும். அந்தக் காலத்துப் பாடல்களில் பத்துப் பதினைந்தைத் தேடி எடுங்கள். எவை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். நாள் முழுக்க ஓடவிடாதீர்கள், அப்படிச் செய்தால் அதுவும் இரைச்சலாகிவிடும். ஒரு பாட்டைப் போட்டு, கூடவே நீங்களும் பாடுங்கள். ஏதாவது ஒரு பாட்டுக்கு முகம் வாடினால் அதை ஒதுக்கிவிடுங்கள், அதன் பின்னால் என்ன துக்கம் இருக்கிறதோ நமக்குத் தெரியாது.

மாலை ஐந்து மணி

கடை மூடி எட்டு வருடம் என்று ஒவ்வொரு மாலையும் சொல்கிறீர்கள். அவர் ஒவ்வொரு மாலையும் அந்தக் கடையை முதல் தடவையாக இழக்கிறார். உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்கிறது உங்கள் மனசாட்சி, அதை மதிக்கிறேன். பொய் சொல்லச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் சொல்வதில் இருக்கும் உண்மையான பகுதிக்குப் பதில் சொல்லலாம்: என்னை நம்பி யாரோ காத்திருக்கிறார்கள் என்கிறார் அவர். “வாக்குக் கொடுத்தா தவறாதவர் நீங்க. அவசரத் துணின்னா எப்படிப்பா சமாளிப்பீங்க?” என்று கேட்டுப் பேசவிடுங்கள். பேசிக்கொண்டே வாசலுக்குப் போய், அவரோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். அதைவிட நல்லது, நடை தொடங்கும் முன்பே, நாலரை மணிக்கே பெட்டியை மேசையில் வைத்துவிடுவது. மாலையில் அமைதியிழப்பது இந்த நோயில் அடிக்கடி காண்பதுதான். வெளிச்சம் மங்குவதற்குள் விளக்குகளைப் போட்டுவிடுங்கள்.

பழைய நினைவு எதுவும் வராத நாளில் கற்பனை கைகொடுக்கும். அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் 1998-இல் தொடங்கிய ‘டைம்ஸ்லிப்ஸ்’ முறை இப்படிப்பட்டதுதான். விசித்திரமான ஒரு படத்தைக் காட்டி, “இங்கே என்ன நடக்குது?” என்று கேட்டு, வரும் பதில் எல்லாவற்றையும் அப்படியே எழுதிக் கதையாக வாசித்துக்காட்டுவது. உங்கள் மகளுக்கு இந்த வேலை பொருந்தும். தாத்தாவிடம் தன் பெயரை எதிர்பார்த்து ஏமாறும் குழந்தைக்கு, அவரோடு சேர்ந்து ஒரு கதை செய்யக் கிடைத்தால் எவ்வளவு ஆறுதல்!

மாத்திரை

அடக்கி வைக்கும் மாத்திரையை உறவினர் சொல்லி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இப்படி அடக்கி வைக்கப் பலரும் கேட்பது மனப்பிறழ்வு நோய்க்கான மருந்துகளைத்தான்; மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு அவற்றைக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்தது. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில், அல்லது தாங்க முடியாத தவிப்பில், மருத்துவர் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுப்பதுண்டு. நூல் உருவுவதும் மாலையில் நடப்பதும் அந்த வகை இல்லை. ஆனால் ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் மிகுந்தாலோ, அசாதாரணமாகத் தூங்கி வழிந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்று, வலி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். பொத்தான் பெட்டியால் அதைச் சமாளிக்க முடியாது.

வெளியே அனுப்புவதானால்

இசை, ஓவிய சிகிச்சைக்கு அனுப்பவே கூடாதா என்றால், நல்ல இடம் கிடைத்தால் அனுப்பலாம். அப்பாவுக்குத் துணை கிடைக்கும், உங்களுக்கு இரண்டு மணி நேரம் மூச்சுவிடக் கிடைக்கும். நடத்துபவருக்கு என்ன பயிற்சி என்று கேளுங்கள். முதல் நாளில் அவர் அப்பாவின் தொழிலையும் விருப்பங்களையும் பற்றி விசாரிக்கிறாரா என்று கவனியுங்கள். விசாரிக்காமல் எல்லோருக்கும் ஒரே தாளை நீட்டும் இடம் வேண்டாம். ஒரு முறை உள்ளே உட்கார்ந்து பாருங்கள். வயதானவர்களிடம் குழந்தையிடம் பேசும் குரலில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அப்பாவுக்கு உண்டு. அந்த வார்த்தை வராவிட்டாலும் முகத்தைத் திருப்புவதும் கையை இழுத்துக்கொள்வதும் அதே பதில்தான். அவர் வரைவதையும் பாடுவதையும் படம் பிடித்து உறவினர் குழுவில் போடுவதற்கு முன்னும் அவரைக் கேளுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் குறையாக. அதட்டுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் கேளுங்கள். கூட வாழ்ந்த மனிதர் கண்ணெதிரே மாறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். துணி மடிக்கும் நேரத்தில் அவரையும் எதிரே உட்காரவையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு விரிப்பை மடிக்கும்போது பேசியே ஆக வேண்டும் என்பதில்லை.

நீங்கள் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரப் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். காலையில் இருபது நிமிடம், நாலரைக்கு இருபது நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் தூங்குங்கள். இரவில் அவர் எழுந்து நடக்கிற நாட்களுக்கு, அண்ணன் தூரத்திலிருந்து பாட்டுப் பட்டியல் அனுப்பினால் மட்டும் போதாது. மாதத்தில் சில நாளாவது வந்து தங்க வேண்டும், முடியாவிட்டால் உதவிக்கு ஆள் வைக்கும் செலவை ஏற்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

இயந்திரத்தை விற்க வேண்டாம். பின் அறையிலிருந்து வெளிச்சம் உள்ள ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஊசியைக் கழற்றி எடுத்து வையுங்கள். சக்கரத்திலும் பட்டையிலும் விரல் போகாதபடி நீங்கள் கூடவே உட்காருங்கள். உறையை எடுக்கும் வேலையை அவரிடம் விடுங்கள், எதுவும் சொல்லாதீர்கள். எட்டு வருடமாகத் தொடாததால் முதல் நாள் சும்மா தடவிப் பார்ப்பதோடு எழுந்துவிடலாம், அல்லது கண் கலங்கலாம். கலங்கினால் தோளைத் தொட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். மூடிவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். அதன் பிறகு ஒரு நோட்டில் மூன்று வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: எந்த நேரம், என்ன வேலை, முகம் எப்படி இருந்தது. குறிப்புகளோடு எனக்கு எழுதுங்கள். பெட்டியில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுத்துவிடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.